மூன்று ஊர் வரி

பாகூர். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற வழியில், கொஞ்சம் மேற்கே ஒதுங்கினால் வரும். பெரிய ஏரி, சுற்றிலும் வயல், நடுவே மூலநாதர் கோயில். பழைய பெயர் வாகூர்.

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வாகூரில் ஒரு கல்லூரி நடந்தது. கல்லூரி என்றதும் காம்பவுண்டு சுவர், கேன்டீன் எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். வித்யாஸ்தானம் என்று பெயர். வேதமும் சாஸ்திரங்களும் கற்றுக்கொடுத்த இடம். வாத்தியாருக்குச் சாப்பாடு, மாணவனுக்குச் சாப்பாடு, ஓலை, எண்ணெய். செலவு இருக்கிறதா இல்லையா? பணத்துக்கு எங்கே போவது?

வேசாலிப்பேரரையன் என்கிற உள்ளூர்த் தலைவர் பல்லவ ராஜா நிருபதுங்கவர்மனிடம் விண்ணப்பம் போட்டார். ராஜா பட்டத்துக்கு வந்து எட்டாவது வருஷம். சரி என்றார். சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. இந்த மூன்று ஊர் வருமானமும் இனி வாகூர் வித்யாஸ்தானத்துக்கு. உத்தரவை நிறைவேற்றும் பொறுப்பு விடேல்விடுகு காடுபட்டித் தமிழப்பேரரையன் என்பவருக்கு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் அந்தப் பெயர் முக்கியம். கடைசியில் திரும்ப வருவோம்.

இதையெல்லாம் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். சமஸ்கிருதத்தில் பாதி, தமிழில் பாதி. அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஊர் இல்லை, மூன்று ஊர். விளைச்சலில் ராஜாவுக்குச் சேர வேண்டிய பங்கு மொத்தமும் படிப்புக்கு. அந்தக் காலத்திலேயே யாராவது திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுத்திருப்பார்கள்: "இவ்வளவு கொட்டுகிறார்களே, ஊருக்கு என்ன லாபம்?"

நியாயமான கேள்வி. இன்றைக்கும் அதே கேள்விதான். என் பிள்ளை தனியார் பள்ளி வேனில் போகிறான், அரசுப் பள்ளிக்கு என் வரிப்பணம் எதற்கு? பி.காம். படித்த ஆசாமிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். ஏனென்றால் விடை கணக்குப் புத்தகத்திலேயே ஒளிந்திருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள். ஆசிரியர் சம்பளம், செலவு. சாக்பீஸ், செலவு. மதியச் சாப்பாடு, அதுவும் செலவு. வருஷக் கடைசியில் கூட்டினால் செலவுப் பக்கம் நிரம்பி வழியும். சொத்துப் பக்கம் பார்த்தால் நாலு பெஞ்சும் ஒரு கரும்பலகையும். உள்ளே உட்கார்ந்து படித்த அறுபது பிள்ளைகள் எந்தப் பத்தியிலும் வரமாட்டார்கள். அவர்கள் சம்பாதிக்க ஆரம்பிக்கப் பதினைந்து வருஷம் ஆகும். அதற்குள் கணக்கு எழுதியவர் ரிடையர் ஆகியிருப்பார்.

பதினைந்து வருஷம் காத்திருந்து கணக்குப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. இந்தோனேசியாவில் 1973-லிருந்து 78 வரை, எண்ணெய் விலை ஏறிக் காசு புரண்ட நேரம். அரசாங்கம் 61,000-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு எஸ்தர் டுஃப்ளோ என்ற பொருளாதார அறிஞர் கணக்குப் போட்டார். 2019-ல் நோபல் வாங்கினாரே, அவரேதான். 2001-ல் வந்த கட்டுரை. ஆயிரம் குழந்தைக்கு ஒரு பள்ளி கூடினால், சராசரியாக அந்தக் குழந்தைகளின் சம்பளம் 1.5-லிருந்து 2.7 சதவீதம் வரை கூடியிருந்தது. பார்க்கச் சின்ன எண். ஆனால் ஒருமுறை கட்டிய பள்ளிக்கு, வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு தலைக்கும். எந்த பேங்க் கொடுக்கும்?

"படித்த பையன் ஊரிலா இருக்கிறான்? சென்னைக்கு ஓடிவிடுகிறானே" என்பீர்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து இந்தோசீனாவுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். சைகோனில் குமாஸ்தா, பிரெஞ்சுப் படையில் சிப்பாய். 'சொல்தா' என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அவர்கள் போனார்கள், அனுப்பிய பணமும் பிறகு பென்ஷனும் ஊருக்கு வந்தன. ஆனாலும் இந்த வாதத்தில் ஒரு உண்மை உண்டு. பலன் ஊரைத் தாண்டிப் போகிறது என்றால் செலவையும் ஊர் மட்டுமே சுமக்கக் கூடாது. மேலே இருக்கிற அரசாங்கமும் பங்கு போட வேண்டும். 1817-லேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த விதை கேரளத்தில் என்ன மரமானது என்று சொல்லத் தேவையில்லை.

புதுச்சேரியும் சளைத்ததில்லை. பள்ளியில் மதிய உணவை பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே தொடங்கிவிட்டது. காமராஜர் திட்டத்துக்குக் கால் நூற்றாண்டு முன்னால். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு புதுச்சேரியில் கிட்டத்தட்ட 86 சதவீதம், தமிழ்நாட்டில் 80. இதில் நகரவாசிகள் அதிகம் என்பதற்கும் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் பள்ளிச் செலவுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் சும்மா வந்ததும் இல்லை.

சரி, அப்போ காசைக் கொட்டினால் போதுமா?

கொஞ்சம் பொறுங்கள். மறுபடி அதே இந்தோனேசியா. 2005-ல் சட்டம் போட்டார்கள். சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்குச் சம்பளம் இரட்டிப்பு. ஆராய்ச்சியாளர்கள் 360 பள்ளிகளில் இரண்டு மூன்று வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஆசிரியர்களுக்குச் சந்தோஷம், கடன் கவலை குறைந்தது, பக்கத் தொழிலை விட்டார்கள். பிள்ளைகள்? தேர்வு மதிப்பெண் அப்படியே நின்றது. நம் நாட்டுக் கதை இன்னும் விசேஷம். 2003-ல் சொல்லாமல் கொள்ளாமல் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குள் நுழைந்து பார்த்தபோது, நாலு ஆசிரியருக்கு ஒருவர் பள்ளியிலேயே இல்லை. சம்பளப் பட்டியலில் மட்டும் முழு ஆஜர்.

ஒரே நாடு, இரண்டு செலவு. பள்ளியே இல்லாத இடத்தில் பள்ளி வந்தது, பலன் தெரிந்தது. இருக்கிற பள்ளியில் எதையும் கேட்காமல் பணத்தை மட்டும் ஏற்றினார்கள். பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. ஆக, எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. யாருக்குப் போனது, யார் கேட்டார்கள் என்பது மீதி.

வாகூர்ச் செப்பேட்டையே இந்தக் கண்ணோடு பாருங்கள். மூன்று ஊரில் ஏர் பிடித்தவன் கொடுத்த நெல். படித்தவர்களில் அவன் பிள்ளை இல்லை. வேதம் படிக்க உரிமை உள்ளவர்களுக்கான இடம் அது. வரி ஊருடையது, படிப்பு சிலருடையது. செலவு பெரிது, ஏர் பிடித்தவன் வீட்டுக்கு வந்த லாபம் பூஜ்யம்.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். 1749. ஆம்பூர்ப் போரில் ஜெயித்த சந்தா சாகிப், உதவி செய்த பிரெஞ்சுக்காரர்களுக்கு வில்லியனூரையும் பாகூரையும் தூக்கிக் கொடுத்தார். டூப்ளேக்குப் பணமுடை. வியாபாரம் போதவில்லை, நிலவரி வேண்டும். விதைத்தவனை யாரும் கேட்கவில்லை.

கேட்கிற உரிமை 1880-ல்தான் எட்டிப் பார்த்தது. பிரெஞ்சு இந்தியாவைப் பத்து கம்யூன்களாகப் பிரித்து, தேர்தல் வைத்து மேயரும் கவுன்சிலும் கொண்டுவந்தார்கள். வில்லியனூர், பாகூர் இரண்டும் முதல் பட்டியலிலேயே உண்டு. 1907-ல் கம்யூன் எண்ணிக்கை பதினேழு ஆனது. தேர்தல் என்றால் ஏதோ ராம ராஜ்யம் என்று நினைக்காதீர்கள். அடிதடி, ஓட்டுத் திருட்டு எல்லாம் தாராளம். இருந்தாலும் ஊருக்கு ஒரு வாய் கிடைத்தது.

அந்த வாய் எவ்வளவு பெரியது என்பது 1954 அக்டோபர் 18 அன்று தெரிந்தது. வில்லியனூர் கம்யூனைச் சேர்ந்த கீழூர் கிராமம். சட்டசபைப் பிரதிநிதிகளும் கம்யூன் கவுன்சிலர்களுமாக 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஒரு பிரதேசத்தின் தலையெழுத்தை எழுதியதில் தெருவிளக்கும் சாக்கடையும் கவனிக்கிற கவுன்சிலர்களுக்கும் கை இருந்தது!

அப்புறம்? 1968-ல் உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 2006-ல். நடுவே 38 வருஷம் காலி. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் தேதி அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுச் சிக்கல், கோர்ட், நின்றது. 1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தம், ஆரம்பக் கல்வி உட்பட 29 விஷயங்களை பஞ்சாயத்துகளிடம் தரலாம் என்கிறது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு பாகூர்க்காரர் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்டது 2006-ல் ஒரே முறை.

எனவே செலவு செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம், இன்னும் அதிகமாகவே செய்யலாம். ஆனால் ஒன்பது மணிக்கு வாத்தியார் வந்தாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க ஊரில் ஒரு ஆள் வேண்டும். பதில் சொல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் தோற்கிற ஆள். அவர் இல்லாத இடத்தில் போடுகிற ரூபாய், மதகில்லாத ஏரியில் விட்ட தண்ணீர். ஏரி நிறையும், வயலுக்கு வராது.

இப்போது அந்தச் செப்பேட்டுக்குத் திரும்புவோம். கேட்டவர் பெயர் அதில் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. நிறைவேற்றுகிற பொறுப்பு யாருடையது என்று மூச்சு வாங்குகிற ஒரு பெயரும் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அழியவில்லை. இன்றைக்கு உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய பணத்தில், அந்த மூன்றாவது பெயர் யாருடையது? தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், முதலில் அதைக் கேளுங்கள். தொகை எவ்வளவு என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.