போட் மெயிலில் வந்த பெட்டி

பாம்பனில் வளர்ந்த எங்களுக்குக் கொலை வழக்கு என்றாலே பெட்டிக் கதைதான். 1952 ஆகஸ்ட் இறுதியில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் இறக்கித் திறந்தால், உள்ளே தலையில்லாத ஆணுடல். “அந்தப் பொட்டி மட்டும் பாலந்தாண்டி வந்திருந்தா, இந்தக் கடலு முழுங்கியிருக்கும்டி” என்பார் அப்பத்தா.

தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தலையையும் உடலையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இறந்தவர் சென்னை வியாபாரி ஆளவந்தார் என்று உறுதிசெய்தது தடயவியல் மருத்துவம். விசாரணைக்குப்பின் பிரபாகர மேனனுக்கு 7 ஆண்டும் அவர் மனைவி தேவகிக்கு 3 ஆண்டும் சிறை. அப்பத்தாவின் கதையில் பிரபாகர மேனன் என்ற பெயரே வராது. ‘அந்தப் பொம்பள’ மட்டும்தான் வருவாள். அவளுக்கு என்ன நேர்ந்தது, எதற்காக அப்படிச் செய்தாள் என்று நாங்களும் கேட்டதில்லை.

தடயவியல் என்றால் ஆளைப் பிடித்துக் கொடுப்பது என்ற எண்ணம் இப்படித்தான் எனக்குள் பதிந்தது. நம் ஊரில் அதன் தொடக்கமும் அதுவே. 1849இல் சென்னை மாகாணத்தில் அமைந்த வேதியியல் ஆய்வாளர் கூடம்தான் இந்தியாவில் முதலாவது. விஷம் வைத்தது யார் என்ற கேள்வி அங்கே போனது. விஷம் என்றதும் சமையலறைப் பக்கம் விரல் நீளும் நாட்டில், அந்தக் கூடத்தின் அறிக்கை எத்தனை பெண்களைக் காத்திருக்கும், எத்தனை பேரைச் சிக்கவைத்திருக்கும் என்று யாராவது ஆய்வு செய்தால் நன்றாக இருக்கும்.

டி.என்.ஏ.வின் கதை வேறு. குற்ற வழக்கில் அது முதன்முதலில் செய்த வேலை ஒருவனை விடுவித்ததுதான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார்கள். 17 வயது ரிச்சர்ட் பக்லாண்ட், ஒரு கொலையைத் தான் செய்ததாகப் போலீசிடம் ஒப்புக்கொண்டான். அலெக் ஜெஃப்ரிஸ் மாதிரிகளை ஒப்பிட்டார். இரண்டையும் செய்தவன் ஒருவனே, அவன் பக்லாண்ட் இல்லை என்று தெரிந்தது. பிறகு ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். காலின் பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பித் தப்பினான். அந்தப் பேச்சு மதுக்கடையில் ஒரு பெண்ணின் காதில் விழ, அவர் போலீசில் சொன்னார். 1988இல் அவனுக்கு ஆயுள் தண்டனை.

இனி நம் தேனிக்கு வருகிறேன். 2011 மே மாதம் சுருளி அருவிக்குப் போன இளம் காதல் இணை திரும்பவில்லை. சில நாள் கழித்து உடல்கள் கிடைத்தன. அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கும் ஆளாகியிருந்தாள். கைதான ஒருவருக்குத் தேனி நீதிமன்றம் 2018இல் தூக்குத் தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு அவரை விடுதலை செய்தது.

செய்தியைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னொரு பெண்ணின் சாவு, இன்னொரு விடுதலை. தீர்ப்பைத் தேடிப் படித்தபின் கோபம் குறையவில்லை, வேறு பக்கம் திரும்பியது. வழக்கின் பெரிய பலம் டி.என்.ஏ. அறிக்கை. ஆனால் அந்தப் பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரி யார் யார் கையில் எத்தனை நாள் இருந்தது என்பதற்குத் தொடர்ச்சியான பதிவு இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பியதில் விளக்கமில்லாத தாமதம். மாதிரி கெட்டிருக்கவோ கலந்திருக்கவோ வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாத நிலை. அதை நம்பி ஒருவரைத் தூக்கிலிட முடியாது என்றது நீதிமன்றம்.

கூடவே நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. மாதிரியைப் பொதிந்து, வழக்கு விவரம் எழுதி, மருத்துவரும் விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். விசாரணை நீதிமன்ற அனுமதியின்றிப் பொதியைத் திறக்கக் கூடாது. எடுத்த நாள் முதல் தீர்ப்பு வரை ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். எந்தக் கடைக்காரரும் செய்கிற கணக்குதான். இறந்த பெண்ணின் உடல் பேசக்கூடிய கடைசி வாக்குமூலத்துக்கு இந்தக் கணக்குகூட இருக்கவில்லை.

அறிவியலை நம்பாதே என்று நான் சொல்லவரவில்லை. ஆஸ்திரேலியாவின் கேத்லீன் ஃபோல்பிக்கை 20 ஆண்டுச் சிறையிலிருந்து மீட்டது மரபணுவியல்தான். அவருடைய நான்கு குழந்தைகளும் 1989க்கும் 1999க்கும் இடையில் அடுத்தடுத்து இறந்தன. 2003இல் குற்றவாளி ஆக்கப்பட்டார். முக்கியச் சாட்சியம் அவருடைய டைரி. குற்ற உணர்ச்சியும் களைப்புமாக ஒரு தாய் எழுதிய வரிகளை ஒப்புதல் வாக்குமூலமாக வாசித்தார்கள். என் நோட்டுப் புத்தகங்களை அப்படி வாசித்தால் நானும் தப்பமாட்டேன். கரோலா வினுவேசா குழுவினர், இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடிய கால்ம்2 மரபணு மாற்றத்தை இரண்டு பெண் குழந்தைகளிடம் கண்டார்கள். 2023 ஜூனில் மன்னிப்பு, டிசம்பரில் தண்டனை ரத்து.

தேனி வழக்கில் விடுதலையானவர் தூக்குத் தண்டனைக் கைதியாக மட்டும் 7 ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறார். இத்தகையவர்களுக்கு இழப்பீடு பற்றிச் சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆம் அறிக்கையில் பேசியது. தீர்ப்பும் அதை நினைவூட்டி, முடிவை நாடாளுமன்றத்துக்கு விட்டது.

வகுப்பில் இந்தத் தீர்ப்பை எடுத்தபோது, மாதிரி கடக்கும் கைகளைப் பட்டியலிடச் சொன்னேன். மருத்துவர், காவலர், நீதிமன்ற எழுத்தர், ஆய்வகப் பணியாளர் என்று எழுதினார்கள். பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி கையை உயர்த்தினாள். “அவரு வெளிய வந்துட்டாரு மேடம். அந்தப் பொண்ண யார் கொன்னாங்கன்னு இனி யார் தேடுவாங்க?”

தீர்ப்பை மறுபடி புரட்டினேன். அவளிடம் காட்ட அதில் ஒரு பக்கமும் இல்லை.