இரண்டாம் அடி: ஜூலை 3, காலை 9 மணி

1994 செப்டம்பர் 9 ஒப்பந்தத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். கஜானா வறண்டபோதெல்லாம் ‘அட்ஹாக் பில்’ என்ற காகிதத்தை நீட்டி ரிசர்வ் வங்கியிடம் மத்திய அரசு பணம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் 1955-லிருந்து இருந்தது. அதற்கு முடிவு கட்டிய ஒப்பந்தம் அது. டில்லியில் நிதியமைச்சர் மன்மோகன் சிங், பம்பாயில் ரிசர்வ் வங்கி கவர்னர் சி. ரங்கராஜன். தன் கையைத் தானே கட்டிக்கொள்ள ஓர் அரசாங்கம் ரங்கராஜன் பேச்சைக் கேட்டுச் சம்மதித்தது என்றால், அந்த நம்பிக்கைக்கு ஒரு தொடக்கம் இருக்க வேண்டும். அது 1991 ஜூலை முதல் வாரத்தில் இருக்கிறது.

அப்போது ரங்கராஜன் டெபுடி கவர்னர்தான். கவர்னர் நாற்காலியில் இருந்தவர் நாகர்கோவில்காரரான எஸ். வெங்கிடரமணன். ரங்கராஜனோ அரியலூரில் பிறந்தவர். திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை லயோலா, பென்சில்வேனியாவில் டாக்டர் பட்டம், ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பேராசிரியர் வேலை என்று வளர்ந்து, 1982-ல் வங்கிக்குள் நுழைந்தார். வாழ்நாளில் பாதியைக் கரும்பலகை முன்னால் கழித்தவர்.

வளைகுடாப் போரும், அடுத்தடுத்துக் கவிழ்ந்த ஆட்சிகளும், இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமாயிருந்த அந்நியச் செலாவணியும் வாசகர்கள் அறிந்தவை. நேராக ஜூலைக்கு வருவோம்.

அன்றைக்கு ரூபாயின் மதிப்பைச் சந்தை தீர்மானிக்கவில்லை. சில நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையாக வைத்துக் கணக்குப் போட்டு, பவுண்டை இன்ன விலைக்கு வாங்குவோம், இன்ன விலைக்கு விற்போம் என்று ரிசர்வ் வங்கி அறிவிக்கும். டாலர் உட்பட மற்றதெல்லாம் அதையொட்டி நகரும். ஆகவே மதிப்பைக் குறைப்பதற்குப் பாராளுமன்றத்தில் சட்டம் எதுவும் தேவையில்லை. காலையில் வெளியாகும் அந்த விலையில் எண்களை மாற்றினால் போதும். மாற்றும் பொறுப்பு ரங்கராஜனிடம் வந்தது. இரண்டு அடிகளாக மதிப்பைக் குறைக்கும் இந்தத் திட்டத்துக்கு வைத்த ரகசியப் பெயர் ‘ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்’.

ஜூலை 1, திங்கட்கிழமை. முதல் அடியில் ரூபாய் ஏறக்குறைய 9 சதவீதம் இறங்கியது.

டில்லியில் புயல் கிளம்பியது. பிரதமர் நரசிம்ம ராவ் பதவியேற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மக்களவையில் பெரும்பான்மையும் இல்லை. 1966 ஜூனில் டாலரை 4.76 ரூபாயிலிருந்து 7.50-க்குக் கொண்டுபோய்விட்டு இந்திரா காந்தி பட்ட பாட்டை அவர் பக்கத்திலிருந்து பார்த்த தலைமுறைக்காரர். இரண்டாம் அடி வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று நிதியமைச்சரிடம் சொன்னார். ஜூலை 3, புதன்கிழமை காலை ஒன்பதரை மணிவாக்கில் மன்மோகன் சிங் பம்பாய்க்குப் போன் செய்தார்.

ரங்கராஜன் 9 மணிக்கே வேலையை முடித்திருந்தார்.

ரூபாய் இன்னும் ஏறக்குறைய 11 சதவீதம் இறங்கியிருந்தது. ஜூன் மாதம் 21 ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைத்த டாலர், இப்போது 26-ஐத் தொட்டது. பிரதமருக்கு இதைத் தெரிவிக்கும் வேலை மன்மோகன் சிங்குக்கு. வருத்தத்தோடு சொன்னாரா, உள்ளூர நிம்மதியோடு சொன்னாரா? பின்னதுதான் பொருந்துகிறது.

அந்த அரை மணி நேரத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏற்பதற்கில்லை. பாதியில் நின்ற மதிப்புக் குறைப்பைப்போல ஆபத்தானது வேறில்லை. இன்னும் இறங்கும் என்று எதிர்பார்க்கும் ஏற்றுமதியாளர் டாலரை வெளிநாட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். இறக்குமதியாளரோ இன்றே டாலர் வேண்டுமென்று வந்து நிற்பார். இருந்த கொஞ்சநஞ்சக் கையிருப்பும் கரைந்திருக்கும். இரண்டு அடிக்கும் நடுவே ஒரே ஒரு நாளை மட்டும் விட்டதில்தான் திட்டத்தின் உயிர் இருந்தது. ராவும் சிங்கும் நாயகர்களாகக் கொண்டாடப்படுவது நியாயமே. ஆனால் அந்தக் காலை வேளையில் நாட்டைக் காத்த கை, அதிகம் பேசப்படாத இந்த டெபுடி கவர்னருடையது.

மறுநாளே அடுத்த கசப்பு. ஜூலை 4 முதல் 18 வரை, நான்கு தவணைகளில் ரிசர்வ் வங்கியின் 46.91 டன் தங்கம் வெளிநாட்டுக்குப் போயிற்று. பாங்க் ஆஃப் இங்கிலாந்து, பாங்க் ஆஃப் ஜப்பான் இரண்டிடமும் கிடைத்த கடன் சுமார் 40 கோடி டாலர். நகையை அடகு வைத்துக் குடும்பத்தை ஓட்டியவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி வலித்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. கடன் பின்னர் அடைந்தது.

ஆகஸ்டில் ரங்கராஜன் திட்டக் கமிஷனுக்குப் போனார். 1992 டிசம்பர் 22 அன்று கவர்னராகத் திரும்பினார். 1993 மார்ச்சில் ரூபாயின் விலையைச் சந்தையிடமே விட்டுவிட்டார். காலைதோறும் எண்களை நிர்ணயித்துவந்த அதிகாரத்தை, அதை அத்தனை திறமையாகக் கையாண்டவரே கைவிட்டார் என்பது வங்கி வரலாற்றில் அரிய காட்சி.

அடுத்தது அட்ஹாக் பில்கள். ஒரே நாளில் நிறுத்தாமல், மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்து 1997 ஏப்ரலில் அவற்றை ஒழித்தார்கள். அந்த மூன்று ஆண்டு எதற்காக என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.