இலையை யார் எடுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த மாதிரி ஒரு வாடகை வீடு. கூடுவாஞ்சேரியிலிருந்து மூன்று குடும்பங்கள் ஒரு வேனில் கிளம்பி, நெல்லிக்குப்பம் ரோடு வழியாகத் திருப்போரூர் போய், அங்கிருந்து கடற்கரைக்கு வந்திருந்தோம். சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு காலை திரும்புகிற 'ஒரு நாள் ராஜ வாழ்க்கை'!

மணி பத்தரை. பதினொன்றுக்கு வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்போதுதான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை யாரோ சத்தமாகப் படித்தார்கள். பாத்திரங்களைக் கழுவி வைக்கவும், குப்பையை வெளியே உள்ள தொட்டியில் போடவும், படுக்கை விரிப்புகளை உருவி மூலையில் போடவும், தரையில் மணல் இருந்தால் பெருக்கவும்... இப்படி எட்டுக் கட்டளைகள்.

மச்சானுக்கு வந்ததே கோபம். "இதென்ன அநியாயமா இருக்கு? காசைக் கொட்டிக் குடுத்திருக்கோம். க்ளீனிங் சார்ஜ்னு தனியா வேற வாங்கியிருக்கான். நாம எதுக்குங்க பெருக்கணும்?"

"அதுக்காகப் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போறதா? வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றாள் அக்கா.

பஞ்சாயத்து இருபது நிமிடம் ஓடியது. துடைப்பத்தைக் கையில் எடுத்திருந்தால் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்!

நான் வாயைத் திறக்கவில்லை. வந்து தங்கியவர் கிளம்பும்போது எவ்வளவு சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஏதோ இன்டர்நெட்டில் வீடு பிடிக்கும் காலத்துச் சண்டை என்றுதான் தோன்றும். ஆனால், அதற்கு வயது இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல்.

முதலில் நம்ம வள்ளுவரிடம் போவோம். 'விருந்தோம்பல்' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பத்துக் குறள்கள். பத்தும் யாருக்கு? விருந்து வைப்பவருக்கு! வந்தவர் முகம் வாடிவிடக் கூடாது என்று அனிச்சப் பூவை உதாரணம் காட்டிச் சொல்கிறார். ஆனால் வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கிளம்பும்போது என்ன செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்... அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற பழமொழிகூட எப்போது கிளம்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது. எப்படிக் கிளம்ப வேண்டும் என்று சொல்லவில்லை.

அதைச் சொன்னவர்கள் வேறு இருக்கிறார்கள். புத்த பிட்சுகள்!

மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் ஊர் ஊராக நடப்பதுதான் பிட்சுவின் வாழ்க்கை. வழியில் விகாரம் கண்ட இடத்தில் தங்குவார்கள். மறுபடி நடப்பார்கள். இப்படிக் கிளம்பிப் போனவர்கள் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போயிருக்கிறார்கள். மரச் சாமான்களும் மண்பாண்டங்களும் பாழாயின. அங்கேயே இருந்தவர்கள் முணுமுணுக்க, பிராது புத்தரிடம் போனது. விளைவு, விநய பிடகத்தில் கிளம்பும் பிட்சுவுக்கென்றே தனியாக விதிகள்.

என்ன விதிகள்? சாமான்களை எடுத்து அதனதன் இடத்தில் வை. கதவு, ஜன்னலைச் சாத்து. தங்கிய இடத்தை இன்னொரு பிட்சுவிடம் சொல்லி ஒப்படை. பிட்சு இல்லையா? இளம் துறவியிடம் சொல். அவரும் இல்லையா? விகாரத்துப் பணியாளிடம். அவரும் இல்லையென்றால் ஊரில் இருக்கும் உபாசகரிடம். யாருமே இல்லையா? அப்போதும் தப்பிக்க முடியாது! நான்கு கற்களை வைத்து, அதன் மேல் கட்டிலைத் தூக்கிவைத்து, கட்டில் மேல் கட்டில், பீடத்தின் மேல் பீடம் என்று அடுக்கி, படுக்கையை உச்சியில் வைத்துவிட்டுப் போ. (எல்லாம் கறையானுக்குப் பயந்துதான்.) கூரை ஒழுகுகிறதா? முடிந்தால் வேய்ந்துவிட்டுப் போ!

இன்னும் இருக்கிறது. கழிப்பறைக்கென்றே ஒரு பகுதி. உள்ளே போனபோது அழுக்காக இருந்தால் கழுவிவிட வேண்டும். அழுக்காக்கியது யார் என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. தண்ணீர்ப் பானை காலியாக இருந்தால் நிரப்பிவிட்டு வர வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சங்கத்துக்குள் வந்த பிராமணப் பிள்ளைக்கும் இதே விதி. அரச குமாரனுக்கும் இதே விதி. புத்தர் மறைந்த பிறகு கூடிய முதல் மாநாட்டில் இந்த விதிகளையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தவர் உபாலி என்பது பௌத்த மரபு. அவர் துறவியாவதற்கு முன்னால் யார் தெரியுமா? நாவிதர்.

இதெல்லாம் எங்கேயோ வடக்கே நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 7-ம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் சுமார் நூறு சங்காராமங்களும் பத்தாயிரம் பிட்சுகளும் இருந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். மாமல்லபுரம் பல்லவர்களின் துறைமுகமாக இருந்த காலம் அது. அந்தக் காஞ்சியிலும் கிளம்பும் பிட்சுவுக்கு இதே மாதிரி விதிகள்தான் இருந்திருக்க வேண்டும்.

பௌத்தம் தேய்ந்தது. வழிப்போக்கர்கள் தேயவில்லை. அவர்களுக்காகச் சத்திரங்கள் பெருகின. சுங்குவார்சத்திரம், ஒட்டன்சத்திரம், திருச்சியின் சத்திரம் பேருந்து நிலையம்... ஊர்ப்பெயரிலேயே சத்திரங்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் உச்சம், தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் கட்டிவைத்தவை.

1801-ல் மன்னர் இரண்டாம் சரபோஜி, கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜ்யம் அதற்குள் கம்பெனியிடம் போய்விட்டது. சத்திரங்களையாவது விட்டுவையுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். அதில் சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, வருகிற எல்லோருக்கும் சோறு. சமைத்த சோற்றைச் சாப்பிட விருப்பமில்லாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோயாளி என்றால் குணமாகும் வரை பார்த்துக்கொள்வார்கள்.

நெஞ்சை நிறைக்கிற விஷயம், சந்தேகமில்லை. ஆனால் அந்த 'விருப்பமில்லாதவர்களுக்கு அரிசி' என்ற ஒரு வரியில்தான் நம் சமூகமே ஒளிந்திருக்கிறது. அடுத்தவர் கைபட்ட சோறு ஆகாது. அதைவிட ஆகாதது அடுத்தவர் வாய்பட்ட இலை.

இப்போது இலைக்கு வருவோம். நம்மூரில் விருந்தாளி இலையை மடித்துவிட்டு எழுந்துபோவார். எடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. விருந்தாளி தன் இலையை எடுக்கப் போனால், 'ஐயோ, நீங்க விடுங்க' என்று பதறுவார்கள். அது மரியாதை. ஆனால் அதே வீட்டின் பின்கட்டில், அதே பந்தி முடிந்த பிறகு உட்காரவைக்கப்பட்ட ஒரு கூலியாளிடம், 'சாப்ட்டாச்சா? எலையை எடுத்துப் போட்டுட்டு எடத்தக் கழுவி உடு' என்று சொல்வார்கள். இது அவர் தகுதியை அவருக்கு ஞாபகப்படுத்துவது.

ஆக, தன் எச்சிலைத் தானே சுத்தம் செய்வது என்பது நம்மிடம் நல்ல பழக்கமாக வளரவே இல்லை. அது தண்டனையாக, அந்தஸ்துக் குறைவின் அடையாளமாகத்தான் வளர்ந்தது. பிட்சுவுக்குக் கடமையாக இருந்தது நமக்கு அவமானமாகிவிட்டது. மச்சானுக்கு வந்த கோபம் க்ளீனிங் சார்ஜ் கணக்கினால் மட்டும் வந்ததல்ல. 'என்னைப் போய் இலை எடுக்கச் சொல்றியா?' என்கிற பழைய கோபமும் அதில் சேர்ந்திருந்தது.

வெள்ளைக்காரன் வந்து நெடுஞ்சாலையெங்கும் டிராவலர்ஸ் பங்களா கட்டினான். வருபவர் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் துடைப்பம் பிடிக்கும் சாதியை மட்டும் அவன் மாற்றவில்லை. துரைக்குப் பின்னால் சுத்தம் செய்தவரும் அதே தோட்டிதான்.

இந்தக் கட்டுமானத்தில் ஒரு விருந்தாளி கைவைத்தது 1901-ல். கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி, பிரதிநிதிகள் தங்கிய இடத்தைச் சுற்றிப் பார்க்கிறார். கழிப்பறைப் பக்கம் போக முடியவில்லை. அவ்வளவு நாற்றம். தொண்டர்களிடம் சொன்னால், 'அது எங்க வேலை இல்லையே, தோட்டி வேலையாச்சே' என்கிறார்கள். காந்தி ஒரு துடைப்பம் கேட்டார். கேட்கப்பட்டவர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். காந்தியே ஒன்றைத் தேடிப் பிடித்து, தான் உபயோகிக்க வேண்டிய கழிப்பறையைத் தானே சுத்தம் செய்தார்.

அதே மாநாட்டில் நம்மூர்ப் பிரதிநிதிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அதையும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சாப்பிடும்போது அடுத்தவர் கண் பட்டாலே தீட்டு என்று, கல்லூரி வளாகத்தில் தட்டி கட்டி மறைத்துத் தனிச் சமையலறை. உள்ளே மூச்சு முட்டும் புகை. சமையல், சாப்பாடு, கை கழுவுவது எல்லாம் அதற்குள்ளேயே! பார்வையே தீட்டாகிவிடும் இடத்தில் அடுத்தவர் உபயோகித்த கழிப்பறையை யார் கழுவுவார்கள்?

ஆனால் காந்தியின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1898 வாக்கில், டர்பனில். அவருடைய அலுவலகக் குமாஸ்தாக்கள் அவர் வீட்டிலேயே தங்குவார்கள். அறைகளில் தண்ணீர் வெளியேற வழி கிடையாது, மூத்திரச் சட்டிதான். பழகியவர்கள் அவரவர் சட்டியை அவரவரே சுத்தம் செய்துகொண்டார்கள். புதிதாக ஒருவர் வந்தார். பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர். புது ஆள் என்பதால் அவர் அறையை நாம்தான் கவனிக்க வேண்டும் என்று காந்தி முடிவு செய்தார். கஸ்தூர்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கண்ணீர் வழிய, சட்டியோடு படியிறங்கினார். காந்திக்கு அதுவும் போதவில்லை. சிரித்த முகத்தோடு செய்ய வேண்டுமாம்! வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல் கேட் வரை இழுத்துப் போய்விட்டார். 'உங்களுக்கு வெட்கமாக இல்லையா?' என்று அந்தம்மா கேட்ட பிறகுதான் புத்தி தெளிந்தது. வெட்கத்தோடு இதைப் பின்னால் அவரே எழுதிவைத்தார்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் அழுக்கைத் தானே எடுப்பது ஒன்று. அடுத்தவரை விட்டு எடுக்கவைத்து, முகமும் சுளிக்கக் கூடாது என்பது வேறொன்று. முதலாவதில் பெருமை இருக்கிறது. இரண்டாவதைச் செய்தவர் காந்தியாகவே இருந்தாலும் தப்பு தப்புதான்.

நம் காலத்துக்கு வருவோம். சான்ஃபிரான்சிஸ்கோவில் 2008-ல் ஆரம்பித்த ஏர்பிஎன்பி, வீட்டை வாடகைக்கு விடுவதை உலக வியாபாரமாக்கியது. கூடவே ஃப்ரிட்ஜ் கதவுப் பட்டியலும் உலகமெல்லாம் பரவியது. க்ளீனிங் சார்ஜும் வாங்கிக்கொண்டு துணியும் துவைக்கச் சொல்கிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. கடைசியில், 2022 நவம்பரில் அதன் தலைவர் பிரையன் செஸ்கியே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. விளக்கை அணைப்பது, மிச்சச் சாப்பாட்டைக் குப்பையில் போடுவது, கதவைப் பூட்டுவது... இவ்வளவு கேட்கலாம். படுக்கை விரிப்பை உருவுவது, துணி துவைப்பது, தரையைச் சுத்தம் செய்வது போன்றவற்றை விருந்தாளி தலையில் கட்டக் கூடாது.

நியாயமான தீர்ப்புதான். ஆனால் அது அமெரிக்கத் தீர்ப்பு. விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் உள்ள கணக்கை மட்டும் பார்க்கிறது. நம்மூரில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்.

அன்று பதினொன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வந்து நின்றார். பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி. கையில் வாளி. அடுத்த கோஷ்டி ஒரு மணிக்கு வந்துவிடும். இரண்டே மணி நேரத்தில் அத்தனையையும் முடிக்க வேண்டும். அக்கா துடைப்பத்தைத் தேடுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ வுடும்மா. பெருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். துணியெல்லாம் கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

ஒரு நொடி நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பாத்ரூம்ல மட்டும் ஒரு தபா பாத்துட்டுப் போம்மா. போன வாரம் வந்த பசங்க ராத்திரி குடிச்சுட்டு எடுத்த வாந்தி அப்படியே கெடந்துது. ஒடைஞ்ச பாட்டில் வேற. எல்லாத்தையும் கையாலதானே அள்ளணும்?"

மனிதக் கழிவை மனிதர் அள்ளும் வேலைக்கு 1993-ல் ஒரு சட்டம் தடை போட்டது. 2013-ல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம் வந்தது. உலர் கழிப்பறையும் சாக்கடைக் குழியும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். வீக் எண்ட் பங்களாவின் பாத்ரூம் மூலை தெரியாது. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், நாப்கினையும் டயப்பரையும் நன்றாகச் சுற்றித்தான் குப்பையில் போட வேண்டும் என்று போட்டவர் மீதே பொறுப்பை வைத்தன. அந்த விதிக்கு அர்த்தம் ஒன்றுதான். குப்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கை இருக்கிறது.

ஆகவே, எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டால் என் பதில் இது. அந்த அம்மாவின் சம்பள வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. மணல் கிடக்கட்டும், விரிப்பு கசங்கியிருக்கட்டும். ஆனால் உங்கள் உடம்பிலிருந்து வந்தது எதுவும் இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது. வாந்தியோ, டயப்பரோ, எச்சில் தட்டோ, அது உங்களுடையது. கையைக் கிழிக்கிற கண்ணாடியும் அப்படித்தான், பேப்பரில் சுற்றித் தனியாக வைத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுக்காரருக்கும் பாக்கி இருக்கிறது. க்ளீனிங் சார்ஜ் வாங்கினால் அதில் ஒரு ஜோடி கையுறையாவது அந்த அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும்.

மச்சான் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? வேனில் ஏறப் போனவர் இறங்கி உள்ளே போனார். கொஞ்ச நேரம் பாத்ரூமில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. நாங்களும் எதுவும் கேட்கவில்லை.