கங்காருவைக் கொன்ற பூனை

சில வருஷம் முன்னாடி ஆஸ்திரேலியா போயிருந்தபோது ஒரு சின்ன விலங்குப் பூங்காவுக்குப் போனேன். கங்காருக்கள், வாலபிகள், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பக்கத்தில் வைக்கோல் வைத்திருந்த திறந்த கொட்டகை. அதன் மேலே ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அழகா இருக்கேன்னு படம் கூட எடுத்தேன். பின்னால் வந்த வயசான ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, "இதை யார் உள்ளே விட்டது?" என்று கடுகடுத்தார். ஓய்வு பெற்ற கால்நடை டாக்டராம். அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை துனிசில் ஆரம்பிக்கிறது. 1908-ல் அங்கிருந்த பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் சார்ல் நிகோல், மான்சோ என்ற இருவர், வடஆப்பிரிக்க மலையடிவாரங்களில் வாழும் ஒரு சின்னக் கொறிவிலங்கை வைத்து லெய்ஷ்மேனியா பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். (அதன் பெயரை இங்கிலீஷ் ஸ்பெல்லிங்படி தமிழில் எழுதினால் எனக்குத் தர்மசங்கடம். பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி கோண்டி என்றே வைத்துக்கொள்வோம் :-)) அதன் உடம்பில் வில் மாதிரி வளைந்த ஒரு ஒட்டுண்ணி கிடைத்தது. அடுத்த வருஷம் அதற்கு டாக்ஸோபிளாஸ்மா கோண்டை என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் டாக்ஸான் என்றால் வில். அதே 1908-ல் பிரேசிலின் சாவோ பாலோவில் ஸ்பிளெண்டோரே என்பவர் ஒரு முயலில் இதையே கண்டார். நிகோலுக்கு 1928-ல் நோபல் கிடைத்தது, ஆனால் டைபஸ் பற்றிய ஆராய்ச்சிக்கு.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. காட்டில் பிடித்த கோண்டிகளில் இந்தக் கிருமி இல்லை, கூண்டில் வைத்த பிறகுதான் வந்தது என்று 1917-லேயே கவனித்திருக்கிறார்கள். ஏதோ பூச்சி கடித்துப் பரவுதுன்னு சந்தேகப்பட்டார்கள். அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பூனை உலாவிக்கொண்டிருந்தது என்றும் குறிப்பு இருக்கு. விடை காலைச் சுற்றிக்கொண்டு நடந்தது, யாரும் குனிந்து பார்க்கலை!

1932-ல் கூத்தலென் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் வோம்பாட் என்ற பைப்பாலூட்டியின் மூளையில் இதைப் பார்த்து, புது இனம் என்று தனிப் பெயர் கொடுத்தார். உண்மையில் எல்லாம் ஒரே இனம்தான்.

பூனை மாட்டிக்கொள்ள 1965 ஆயிற்று. கிளாஸ்கோவில் ஹட்சிசன், நோயுள்ள எலிகளைப் பூனைக்குத் தின்னக் கொடுத்து, அதன் மலத்தைக் குழாய்த் தண்ணீரில் ஒரு வருஷம் போட்டுவைத்து, பிறகு வேறு எலிகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் நோய் வந்தது. பூனை வயிற்றுப் புழுவின் முட்டைக்குள் ஒளிந்து வருகிறது என்று அவர் முதலில் நினைத்தார். புழு இல்லாத பூனையிடமிருந்தும் வந்தபோது அந்த எண்ணம் போச்சு. 1970 வாக்கில் பல குழுக்கள் தனித்தனியாக முடிச்சை அவிழ்த்தன. பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும்தான் இது பால்வழி இனப்பெருக்கம் செய்து, ஓடு போட்ட முட்டை மாதிரி வெளியே வருகிறது. முதல்முறை தொற்றிய ஒரு பூனை ஒன்றிரண்டு வாரத்தில் லட்சக்கணக்கில் கொட்டிவிடும். ஈர மண்ணில் அது மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

இப்போ ஆஸ்திரேலியாவை நினைச்சுப் பாருங்க. அங்கே பூனைக் குடும்பத்தில் ஒரு பிராணி கூட சொந்தமாகக் கிடையாது. 1788-ல் வெள்ளைக்காரர் கப்பலில்தான் பூனை வந்தது. கோடிக்கணக்கான வருஷம் இந்தக் கிருமியோடு பழக்கமே இல்லாத பைப்பாலூட்டிகள், தரையோடு தரையாகப் புல் மேயும் பிராணிகள். டாஸ்மேனியாவில் மண்டே என்பவர் 1972-ல் ஆடுகளின் ரத்தத்தைப் பார்த்தார். பூனை உள்ள பெரிய தீவில் சுமார் 32 சதவீத ஆடுகளுக்குத் தொற்றின் தடயம். பூனை இல்லாத சின்னத் தீவுகளில் 2 சதவீதம்தான். இதைவிடத் தெளிவா யாரும் சொல்லிட முடியாதுன்னு நினைக்கிறேன்.

ஆட்டுக்குக் குட்டி கலையும். வாலபிக்கு உயிரே போகும். நுரையீரல், கல்லீரல், இதயத் தசை, மூளை என்று எங்கும் பரவும். மூச்சு வாங்கும், கண் தெரியாமல் போகும், தள்ளாடும். பல சமயம் இதெதுவும் கண்ணில் படாது. முந்தின நாள் சாயங்காலம் நல்லா மேய்ந்தது காலையில் செத்துக் கிடக்கும். அடைத்து வைத்த கூட்டத்தில் ஒரே தீவனம், ஒரே மண் என்பதால் ஒன்றோடு நிற்காமல் வரிசையாகவும் போகலாம். தாயிடமிருந்து பைக்குள் இருக்கும் குட்டிக்கும் போகிறது.

சரி, தடுப்பூசி போடலாமே? இங்கேதான் மனசு கனத்தது. நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டியிலிருந்து எடுத்த எஸ்48 என்ற ரகத்தை, எலிகளில் மூவாயிரம் தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் குறைத்து, ஆடுகளுக்கு உயிருள்ள தடுப்பூசியாக்கினார்கள். ஆடுகளுக்கு அருமையாக வேலை செய்தது. அதையே டாமர் வாலபிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், 1993-ல் முடிவு வெளியானது. தடுப்பூசியே அவற்றைக் கொன்றுவிட்டது. ஆட்டுக்கு மருந்தானது வாலபிக்கு விஷம். எந்த நோயிலிருந்து காப்பாற்ற நினைத்தார்களோ அதே நோயில் செத்தன.

ஆகவே இன்றும் கையில் இருப்பது பழைய வழிதான். தீவனத்தைப் பூட்டி வைக்கணும், பூனை ஏற முடியாத வேலி போடணும், ரத்தம் சோதிக்கணும். சீக்கிரம் கண்டுபிடித்தால் கிளிண்டாமைசின், அடோவாகோன் கொடுத்துச் சில பிழைத்திருக்கின்றன. ஆனால் காலையில் செத்துக் கிடப்பதற்கு எந்த மருந்தைக் கொடுப்பது?

பூனையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு இருக்கு. அதைக் கப்பலில் ஏற்றியது பூனை இல்லையே.

அன்றைக்கு அந்த டாக்டர் அலுவலக அறைக்குப் போய் ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி அங்கே போனேன். வைக்கோல் கொட்டகைக்குக் கதவும் கம்பி வலையும் போட்டிருந்தார்கள். சாம்பல் பூனையைக் காணோம். எடுத்த படம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கு.