கை, கண், எண்: மெலிவை அளந்த கதை

சந்தையில் தரகர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிறார். அப்புறம் விலாவில் கையை ஓட்டுகிறார். ‘எலும்பு தட்டுது’ என்கிறார், விலை இறங்கிவிடுகிறது. இந்த அறிவுக்கு ஏடு கிடையாது. ஆகவே அது அறிவாகவும் மதிக்கப்படுவதில்லை. கையை விட்டுக் கருவிக்குப் போனதுதான் மருத்துவத்தின் முன்னேற்றம் என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கால்நடைகளின் உடல்நிலை மதிப்பெண்ணோ இதற்கு நேரெதிர்த் திசையில் உருவானது.

1961இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஜெஃப்ரிஸ் என்பவர் செம்மறியாடுகளுக்கு 0 முதல் 5 வரையிலான மதிப்பெண் முறையொன்றை முன்வைத்தார். தராசு ஏன் போதவில்லை? வயிற்றிலுள்ள தீனி, சினைக்குட்டி, நனைந்த ரோமம் எல்லாமே எடைக்குள் வந்துவிடுகின்றன. பெருங்கூடான ஆடு மெலிந்திருந்தாலும் தராசில் கனக்கும். கண்ணை ரோமம் ஏமாற்றிவிடும். எனவே கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்பு முதுகெலும்பின்மீது கை வைக்க வேண்டியதாயிற்று. எலும்பு முனைகள் கூராகத் தட்டுகின்றனவா, விரல் அவற்றின் அடியில் நுழைகிறதா, சதையும் கொழுப்பும் எவ்வளவு மூடியிருக்கின்றன என்று கைதான் சொல்லும். தரகர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதானே? வித்தியாசம் இவ்வளவுதான்: இங்கே கை சொன்னது எண்ணாயிற்று. எண்ணான பிறகு, தொட்டவர் இல்லாமலே அது ஊர் ஊராய்ப் போகும்.

போன இடத்தில்தான் சிக்கல். 1982இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கு 1 முதல் 5 வரை ஒரு முறை வந்தது. ஆனால், 1986இல் ஆப்பிரிக்காவுக்கான சர்வதேசக் கால்நடை மையம் அடிஸ் அபாபாவிலிருந்து திமில் மாடுகளுக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட வேண்டியிருந்தது. மெலிவு, நடுத்தரம், கொழுமை என்ற மூன்றையும் மும்மூன்றாய்ப் பிரித்து 9 படிகள். நம் காங்கேயமும் உம்பளாச்சேரியும் திமில் இனந்தான். ஓர் உடலை இயல்பென்று வைத்துச் செய்த அளவுகோல் இன்னோர் உடலைக் குறையுள்ளதாகக் காட்டிவிடும் என்பதை மறந்துவிடலாகாது.

அதற்காக எண்ணை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கன்று ஈன்ற பசு, கறக்கிற பாலுக்கு ஈடாகத் தின்ன முடியாதபோது தன் கொழுப்பைக் கரைத்துப் பால் தருகிறது. பாலில் ஒரு பங்கு அதன் முதுகிலிருந்து வருகிறது என்பதை இறங்கும் மதிப்பெண் அம்பலப்படுத்துகிறது. ஆனால் மெலிவுக்குக் குடற்புழு காரணமா, தேய்ந்த பல்லா, வெறுந்தொட்டியா? மதிப்பெண் சொல்லாது. இமையைப் புரட்டி, வாயைத் திறந்து, சாணம் பார்த்து, காய்ச்சல் பார்த்து முழுசாகச் சோதித்தால் முதல் இரண்டும் பிடிபடலாம். மூன்றாவதற்கு மாட்டுக்காரரிடம் பேச வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு யார் கைக்குப் போனது, வைக்கோல் என்ன விலை என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை எழுதப் படிவத்தில் கட்டமில்லை. அதனால் ‘2’ என்கிற எண் மாட்டின் குறையாகவோ, வளர்ப்பவரின் அறியாமையாகவோ பதிவாகி நின்றுவிடுகிறது.