நந்தா விளக்கும் ஒலிபெருக்கியும்: கடலோர இணைய அறக்கொடையின் வரலாறு

கோயிலில் நந்தா விளக்கு எரிய வேண்டுமென விரும்பிய சோழர், பாண்டியர் காலக் கொடையாளர் விளக்கோடு ஆடுகளையும் ஒப்படைத்தார். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது சோழர் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் கணக்கு. அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன: ஆடு சாகும், மந்தை சாகாது. பணி இடையறாது நடக்க வழிசெய்வதே கொடை என்ற தெளிவு இந்த ஏற்பாட்டில் உண்டு. இணையத்தைப் பொதுநலனுக்குப் பயன்படுத்த நம் கடற்கரைக்கு வந்த நிதிகள் விளக்கைத் தந்தன. மந்தையைப் பெரும்பாலும் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வகைக் கொடையின் முதன்மையான சான்று புதுச்சேரியில் உள்ளது. 1998இல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் அளித்த நிதியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. இடத்தை ஊர் கொடுத்தது. ஊர்த் தொண்டர்கள், அவர்களுள் பல பெண்கள், மையங்களை நடத்தினர். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே மீனவருக்கு அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது. ஊரார் வெளியேறி உயிர் தப்பினர். அன்று உயிர் காத்ததில் கணினிக்குப் பங்கு குறைவு. செய்தி வந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் அதைக் கேட்டு நடக்கவும் ஊர் பழகியிருந்தது. கொடை உருவாக்கிய உண்மையான சொத்து இந்தப் பழக்கமே. பின்னர் டாடா அறக்கட்டளையின் ஆதரவில் கிராம அறிவு மையங்கள் விரிந்தன. குவால்காம் நிறுவனத்தின் துணையோடு மீனவர் கைபேசிச் செயலியும் வந்தது. ஆனால் இத்தகைய நிதி திட்டக்காலத்தோடு முடிவது. கருவி வாங்கிய செலவைக் கணக்கில் காட்டுவது எளிது. பத்தாம் ஆண்டிலும் ஒருவர் விடியுமுன் செய்தியைப் படித்துச் சொல்வதற்கான செலவு அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

இன்று ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமே முன்னறிவிப்பைத் தருகிறது, எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது, இனி அறக்கொடை எதற்கு என்று கேட்கலாம். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இதற்கு விடை சொல்கிறது. ஆழ்கடலில் கைபேசிக்கு எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரிக் கடற்கரை பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. தகவல் உருவாவது வேறு, உரியவரை அடைவது வேறு. முதலைத் தொடாமல் வட்டியில் பணி நடத்தும் நிலைநிதி வைத்தால் அது முறைகேட்டுக்கு இடமாகும் என்ற இரண்டாவது மறுப்பு வலுவானது. கோயில் கட்டளைச் சொத்துகள் பல கைமாறிப் போனதை நாம் அறிவோம். ஆயினும் கொடையின் நிபந்தனையைப் பழையவர்கள் எல்லோரும் காணக் கல்லில் வெட்டினார்கள். வரவுசெலவை ஊர் பார்க்கும்படி வைப்பதே அந்த அச்சத்துக்கு மருந்து.

குலசேகரன்பட்டினத்துக்கு இந்த வரலாறு இப்போது நேரடியாகப் பொருந்துகிறது. அங்கே அமையும் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட் ஏவும் நாளில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் படகுகள் போகக் கூடாது. அருகிலுள்ள மணப்பாடு, ஆலந்தலை வள்ளங்களில் செல்வோருக்கு அந்தச் செய்தியும் காற்று, அலை நிலவரமும் அவர்கள் பேசும் தமிழில், கடலுக்குப் புறப்படுமுன் கிடைக்க வேண்டும். தசராவுக்கு வேடமணிந்து வீடுவீடாகக் காணிக்கை பெற்று முத்தாரம்மன் உண்டியலில் சேர்க்கும் மரபுள்ள ஊர் இது. சிறுகச் சேர்த்துப் பொதுவுக்குத் தருவது இதற்குப் புதிதன்று. ஊர்ப் பங்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் சேர்ந்து ஒரு நிலைநிதி ஆகட்டும். அதன் வட்டி, கரையில் செய்தி சொல்பவரின் ஊதியத்துக்கே முதலில் போகட்டும். அவர்தான் இந்த விளக்கின் நெய்.