மேடை ஏறாத மாணவர்: சுதர்சனும் 1957-ம்

போன எபிசோடில் பீட்டா சிதைவு பத்திப் பேசினோம். நியூட்ரான் ஒண்ணு புரோட்டானா மாறுது. கூடவே எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் வெளியே வருது. இதுக்குக் காரணமான வலுக்குறைந்த விசையின் கணித வடிவம் என்ன? 1957-ல் அதற்கு விடை கண்டவர் 25 வயது ஆராய்ச்சி மாணவர், இ.சி.ஜி. சுதர்சன். கோட்டயத்தில் பிறந்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் போனவர். வழிகாட்டி ராபர்ட் மார்ஷக்.

அப்போ சோதனை முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. எல்லாச் சிதைவுக்கும் ஒரே விதி இருக்கணும்னா, அது ‘வி மைனஸ் ஏ’ வடிவமாத்தான் இருக்க முடியும்னு சுதர்சன் கண்டார். அப்படின்னா நாலு சோதனைகள் தப்பு! அதில் ஒண்ணு, எல்லாரும் நம்பியிருந்த ஹீலியம்-6 சோதனை. ஒரு மாணவர் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும், யோசிச்சுப் பாருங்க. பின்னாடி அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்தப்போ அவர் சொன்னதுதான் சரின்னு ஆச்சு.

ஆனா 1957 ஏப்ரலில், சொந்த ஊரிலேயே நடந்த ராச்செஸ்டர் மாநாட்டில் இது மேடை ஏறலை. சுதர்சன் மாணவர், அதனால் பேசலை. மார்ஷக் வேறொரு தலைப்பில் பேசினார். ஜூலையில் கலிஃபோர்னியாவில் முர்ரே கெல்-மானைச் சந்தித்து இருவரும் விளக்கினார்கள். செப்டம்பரில் இத்தாலியின் பதுவா–வெனிஸ் மாநாட்டில் மார்ஷக் கட்டுரையை வாசித்தார். மாநாட்டுத் தொகுப்பு அச்சாகி வந்தது 1958-ல்தான். அதுக்குள்ள, அந்த ஜனவரியிலேயே, ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழில் ஃபைன்மன், கெல்-மான் கட்டுரை வந்தாச்சு. உரையாடலுக்காக இவங்க ரெண்டு பேருக்கும் அதில் நன்றி சொல்லியிருந்தாங்க. ஆனா உலகம் படிச்சது அந்தக் கட்டுரையைத்தான்.

என் பார்வையில் இது திருட்டுக் கதை இல்லை. ஃபைன்மன் வேறு வழியில் தானாகவே அங்கே வந்து சேர்ந்தவர். 1963-ல், கண்டுபிடிச்சது சுதர்சனும் மார்ஷக்கும், பரப்பினது நானும் கெல்-மானும்னு அவரே வெளிப்படையா ஒத்துக்கிட்டார். எனக்கு உறுத்துறது அந்த ஏப்ரல் மாதம்தான். குருவுக்குக் கிடைச்ச நேரத்தில் பத்து நிமிஷம் போதுமே!

1980-களில் சுதர்சன் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரா இருந்தார். 2005-ல் ஒளியியலுக்கான நோபல் பரிசில் ராய் கிளாபர் பேர் வந்தது, தன் பேர் வரலை. அந்த முறை அவர் சும்மா இருக்கலை; நோபல் குழுவுக்கே எழுதினார்.